பெயர் சொல்லாத கூட்டம்

பேன்ட்ரியில் காபி மெஷினுக்குப் பக்கத்தில் பீங்கான் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தன. எல்லார் கையிலும் பேப்பர் கப். நான்காம் மாடி டீம் லீட் மட்டும் ஒரு கோப்பையை எடுத்துக் காபி பிடித்துக்கொண்டிருந்தார். சிறுசேரியில் நான் எச்.ஆர். மேனேஜராக இருந்த கம்பெனி அது. நடந்தது என் கைங்கரியம்.

ஆறு பக்கத்தில் ஒரு கொள்கை எழுதியிருந்தேன். எய்ட்ஸ், புற்றுநோய் என்று எந்தக் கடும் நோய் வந்தாலும் வேலை போகாது, விஷயம் வெளியே போகாது. அதை நம்பித்தான் அவர் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைச் சொன்னார். "மாத்திரை ஒழுங்கா போட்டுக்கிட்டு இருக்கேன் மேடம். பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா. இந்த வேலை மட்டும் இருக்கணும்." இருக்கும் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அதே கொள்கையில் விழிப்புணர்வுக் கூட்டம் என்றொரு பிரிவும் உண்டு. யாராவது இப்படித் தெரிவித்தால் அவர் வேலை செய்யும் தளத்தில் கூட்டம் போட வேண்டும், பெயர் சொல்லக் கூடாது. போட்டேன், நான்காம் மாடிக்கு மட்டும். டாக்டர் வந்தார், சமோசா வந்தது, யார் பெயரும் வரவில்லை. மற்ற மாடிகளை விட்டுவிட்டு நமக்கு மட்டும் ஏன் என்று அங்கே எல்லாரும் யோசிப்பார்கள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. மாதம் ஒருமுறை, தாம்பரத்தில் தன் வீட்டருகே ஏறாமல் எச்.ஐ.வி. சிகிச்சைக்குப் பேர்போன சானடோரியம் ஆஸ்பத்திரி வாசலில் கம்பெனி பஸ் ஏறுகிறவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். மறுநாளே பேப்பர் கப். பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டில் யாருடைய லஞ்ச் பேகோ உட்கார்ந்து வந்தது.

யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கொள்கை அனுமதிக்காதே! இரண்டு மாதத்தில் அவரே ராஜினாமா கடிதத்தோடு வந்தார். "நீங்க பேரைச் சொல்லல மேடம். சொல்லியிருந்தாக்கூட யாராவது நேரா வந்து கேட்டிருப்பாங்க. நானும் பதில் சொல்லியிருப்பேன்." நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கடிதத்தில் தேதி விட்டுப்போயிருப்பதைக் காட்டினேன். அந்த வருஷ ஆண்டு விழாவில் அந்தக் கூட்டத்தின் படத்தைத் திரையில் போட்டார்கள். வெட்கங்கெட்டு நானும் கைதட்டினேன்.

போன மாதம் எனக்கு மார்பில் கட்டி; புற்றுநோய்தான் என்றது ரிப்போர்ட். இப்போதிருக்கும் கம்பெனியிலும் அதே ஆறு பக்கம்தான். கூட்டப் பிரிவை நீக்கி, நானேதான் எழுதிக் கொடுத்தேன். லீவு விண்ணப்பத்தில் காரணம் கேட்ட இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டேன். எச்.ஆரில் புதிதாகச் சேர்ந்த பெண், "ஏதாவது சீரியஸா மேடம்? எங்கிட்ட சொல்லலாம்" என்று அன்பாகத்தான் கேட்டாள்.

"திருநீர்மலைல ஒரு வேண்டுதல்மா" என்றேன்.