கூட்டணிச் சங்கத்துக்குக் கதிரை நிரப்பிய கதை

1. சங்கம்

"சிஞ்ஞோரா எமில்டா, வாற மாதம் முதல் ஞாயிறு பின்னேரம் நூறு கதிரை போடவேணும். ஒண்டும் காலியாக் கிடக்கக்கூடாது."

அவ்வொகாத்தோ இதைச் சொன்னபோது நான் கோப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வழக்கறிஞர். இத்தாலியில் வழக்கறிஞரை அப்படித்தான் அழைப்பார்கள். எங்கள் சங்கத்தின் பலெர்மோக் கிளைக்கு அவர்தான் தலைவர்.

சங்கம் என்றதும் விளையாட்டுச் சங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் சேர்ந்த இராணுவக் கூட்டணியில் இத்தாலி உறுதியாக நிற்க வேண்டும் என்று ஊருக்கு எடுத்துச் சொல்வது அதன் வேலை. தலைமையகம் ரோமில். எம்பிமாருக்கு மதியச் சாப்பாடு, பள்ளிக்கூடங்களில் கட்டுரைப் போட்டி, மாதம் ஒரு பேச்சு. மற்றபடி எங்களிடம் இருந்ததெல்லாம் மடக்குக் கதிரை, மைக், கொடி, பிஸ்கற். துப்புரவு வேலைக்குச் சேர்ந்த நான், மண்டபம் ஒழுங்கு செய்யும் பொறுப்புவரை ஏறி வந்திருந்தேன்.

"எத்தினை பேர் வருவினம்?" என்று கேட்டார்.

"மழை பெய்தால் பன்னிரண்டு பேர். வெயில் எறிச்சால் அவையும் மொண்டெல்லோக் கடலுக்குக் குளிக்கப் போயிடுவினம்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ரோமிலிருந்து ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர் வருகிறாராம். ஆள் சேராத கிளைகளை மூடப்போகிறார்களாம். கிளை மூடினால் என் கொன்ட்ராத்தோ, அதாவது வேலை ஒப்பந்தம், போய்விடும். அந்த வருடம் என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் வதிவிட அனுமதி கேட்டுப் போனால் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் யாரும் நிமிர்ந்தும் பார்க்க மாட்டார்கள்.

"ஆக்களை நான் கொண்டு வாறன்" என்றேன். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று.

2. கோவில் வாசல்

தமிழ்ப் பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது மாதா கோவில் வாசலில் நின்றேன். இராணுவக் கூட்டணி பற்றிக் கூட்டம், ஒரு ஜெனரல் பேசுவார், எல்லாரும் வாருங்கள் என்றேன். 'ஆமி' என்ற சொல்லை நான் எடுக்கவேயில்லை. அப்படியிருந்தும் பலரின் முகம் மாறிப்போனது.

தவம் அண்ணை முன்னுக்கு வந்தார். சைவக்காரர், ஆனாலும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தத் தவறாமல் வருவார். இலங்கையில் சண்டை முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்தவர். கடைசிச் சண்டையில் தம்பியைப் பறிகொடுத்தவர். மொண்டெல்லோவில் ஒரு உணவகக் குசினியில் வேலை.

"எமில்டா, ஜெனரல்மாற்றை பேச்சாலைதான் நாங்கள் இஞ்சை வந்து நிக்கிறம். எனக்கேன் இது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. உள்ளதைச் சொன்னேன். "கிளை பூட்டினால் எனக்குப் பெர்மெஸ்ஸோ இல்லை அண்ணை."

"அதை முதலே சொல்லியிருக்கலாமெல்லே? எத்தினை மணிக்கு வரவேணும்?"

3. முன்வரிசை

வந்தார்கள். கூட்டத்துக்கு வருவது போலவா வந்தார்கள்? சாமத்தியவீட்டுக்கு உடுத்தும் சேலை, நகை, தலையில் பூ, இடுப்பில் குழந்தை. பல்லரோச் சந்தையில் பலாப்பழம் வந்த அன்றுகூட அவ்வளவு தமிழரை நான் ஒன்றாகப் பார்த்ததில்லை.

ஆனால் முன்வரிசைகளில் ஈ காக்கை இல்லை. எல்லாரும் பின்னால் நெருக்கியடித்து இருந்தார்கள். சிலர் சுவரோடு நின்றார்கள்.

"முன்னுக்கு வாங்கோ" என்று கெஞ்சினேன்.

"வேண்டாம், அது பெரியாக்கள் இருக்கிற இடம். நாங்கள் இதிலை இருக்கிறம்."

அவ்வொகாத்தோ வியர்த்து வழிந்தார். ஜெனரல் படியேறும் சத்தம் கேட்டது. எங்கள் ஆட்களை நகர்த்த முடியாது, கதிரையை நகர்த்தலாம். காலி வரிசைகளை மடக்கிப் பக்கத்து அறைக்குள் தள்ளினேன். பேச்சாளர் மேசையை மைக்கோடு இழுத்துச் சனத்தின் மூக்குக்கு முன்னால் வைத்தேன். ஜெனரல் உள்ளே வந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. அவ்வொகாத்தோ என் கையைப் பிடித்துக் கொஞ்சாத குறை.

4. கேள்வி

ஜெனரல் மரியாதையான மனிதர். நாடுகளுக்குக் கூட்டாளிகள் ஏன் வேண்டும் என்று பேசினார். குழந்தைகள் பிஸ்கற் கேட்டு அழுதன. முடிந்ததும் மைக்கை வைத்துவிட்டு, எதிரே இருந்த தவம் அண்ணையிடம் கேட்டார்: "நீங்கள் ஏன் எங்கட கூட்டணியை ஆதரிக்கிறியள்?"

தவம் அண்ணைக்குக் குசினி இத்தாலியன்தான் தெரியும். பொய் சொல்லும் அளவுக்கு அதில் சொற்கள் இல்லை.

"நான் ஆதரிக்கேல்லை. எனக்கு ஆமியே பிடிக்காது. எமில்டா கூப்பிட்டவ, வந்தனான்."

ஜெனரல் என்னைப் பார்த்தார். பிறகு சனத்தைப் பார்த்து, "எல்லாருமோ?" என்றார். எல்லாரும் சந்தோசமாகத் தலையாட்டினார்கள்.

அவர் கோபிக்கவில்லை. கோப்பி குடித்து, எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். கொஞ்சக் காலத்தில் கிளையைப் பூட்டினார்கள். ஜெனரலில் எனக்குக் குறையில்லை, மனிதர் கண்டதைத்தான் ரோமில் சொல்லியிருப்பார். ஆனாலும் கொடிகளைச் சுருட்டி வைத்துவிட்டு, வியா மக்வேதா வீதி நெடுக அழுதுகொண்டு நடந்தேன்.

தவம் அண்ணைக்குத் தன் வாயால் வந்த வினை என்று மனம் குத்தியிருக்க வேண்டும். முதலாளியிடம் கதைத்துத் தன் குசினியிலேயே பாத்திரம் கழுவ எனக்கு இடம் எடுத்துத் தந்தார். புதுக் கொன்ட்ராத்தோவைக் காட்டிப் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பித்தேன்.

5. ஓகஸ்ட் மாதம்

அதன் பிறகு மண்டபத்துக்கு வந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் நான் போக வேண்டியதாயிற்று. பிறந்தநாள், சாமத்தியவீடு, புதுநன்மை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மறுக்க எனக்கு வாயில்லை. சலித்துக்கொண்டு போன நாட்களும் உண்டு.

ஓகஸ்டில் மொண்டெல்லோவில் மணல் தெரியாத சனம். அந்த நேரத்தில் தவம் அண்ணையின் தாய் ஊரில் இறந்துவிட்டார். இவர் அகதி அனுமதியில் இருப்பவர், ஊருக்குப் போக முடியாது. செத்தவீட்டைத் தொலைபேசியில் பார்க்க வேண்டியதுதான். முதலாளியிடம் நானும் அரைநாள் கேட்டேன்.

"ரெண்டு பேரும் போனால் ஆர் பாத்திரம் கழுவுறது? போறதெண்டால் திரும்பி வரவேண்டாம்."

வேலை போனால் பெர்மெஸ்ஸோவும் போகும். ஆனாலும் ஏப்ரனைக் கழற்றிக் கொழுவிவிட்டு பஸ் ஏறினேன்.

தவம் அண்ணை வீட்டில் சின்ன அறை. ஆட்கள் நிலத்தில் இருந்தார்கள். தவம் அண்ணை என்னைக் கண்டதும் தள்ளி இடம் விட்டார்.

"வேலை?"

"அது கிடக்கட்டும் அண்ணை."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஒருநாளும் கண்டிராத அந்த அம்மாவுக்காக நானும் அழுதேன்.

ஊரிலிருந்து வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இப்போது ஒன்று சொல்வேன். ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், எங்கள் சனம் ஏனென்று கேளாமல் வரும். ஆனால் கூப்பிட்டவர் போகவும் வேண்டும். போக வசதிப்படாத நாளில் கட்டாயம் போக வேண்டும்.

அடுத்த நாள் காலை குசினிக்குப் போனேன். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். முதல்நாள் சட்டிகள் அத்தனையையும் கழுவாமல் எனக்காக அடுக்கி வைத்திருந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொடங்கினேன்.