கறுப்பைச் சுரண்டணுமா?

பொய் சொல்வதென்றால் என்னிடம் இதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. இந்தக் கதையில் என் மானம் கப்பலேறுகிறது. தன் மானத்தைத் தானே கப்பலேற்றிக்கொள்ள எவனாவது பொய் சொல்வானா? ஆகவே நம்புங்கள். நம்ப முடியாதவர்களும் படித்து முடிக்கும்வரை விளக்கை மட்டும் அணைக்காதீர்கள்.

நான் பல்செட் செய்கிறவன். மருத்துவர் அளவெடுத்து அனுப்புவார். நான் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து மெழுகையும் மாவையும் குழைத்து, முகம் தெரியாதவர்களுக்குப் பல் கட்டுவேன். இருபத்திரண்டு வருட வேலை. ஓர் ஆள் என் முன்னால் இரண்டு வாக்கியம் பேசினால் போதும். மேல் தட்டு தளர்வா, கீழ் தட்டு தளர்வா என்று காது சொல்லிவிடும். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இது ஒன்றுதான். இதை வைத்துக்கொண்டு உலகத்தில் எல்லாம் தெரிந்த மாதிரி நடந்துகொள்வது என் வியாதி.

என் மனைவிக்கு ஒரு தம்பி. வயது இருபத்தாறு. வீட்டு காஸ் அடுப்பைப் பற்றவைக்கப் பயப்படுவான். ஆனால் காட்டில் நெருப்பு மூட்டுவது எப்படி என்று முந்நூறு வீடியோ பார்த்திருக்கிறான். மலையில் ஓர் இரவு தங்க வேண்டும் என்று கிளம்பினான்.

"நீங்களும் கூடப் போங்க," என்றாள் மனைவி. "அவன் தனியாப் போனா திரும்பி வரமாட்டான். உங்களோட போனா ரெண்டு பேருமே வரமாட்டீங்க. இருந்தாலும் போங்க."

சனிக்கிழமை மாலை கடைக்குப் போனோம். கூடாரம், கயிறு, தூங்குபை என்று காட்டுக்குப் போகிறவர்களுக்கான கடை. கடைக்காரர் மொட்டை மாடியைத் தாண்டி வெளியே படுத்திருக்கமாட்டார். ஆனால் உடம்பெல்லாம் பச்சையும் பழுப்புமாகப் புள்ளி போட்ட உடை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஃபெரோ ராட் வரிசையாக இருந்தது. கறுப்பு உலோகக் கம்பி. கத்தியாலோ கூடவே வரும் இரும்புத் தகட்டாலோ உரசினால் பொறி பறக்குமாம்.

"மாமா, இந்த ஒல்லிக் கம்பி வேணாம்," என்றான் மச்சான். "குளிர்ல விரல் மரத்துப் போச்சுன்னா பிடிக்க வராது. சுண்டுவிரல் தடிமன் வேணும். மரக் கைப்பிடி வேணும். உரசுற தகட்டுக்கு விளிம்பு கூரா இருக்கணும்."

"டேய், தீப்பெட்டின்னு ஒண்ணு கண்டுபிடிச்சு ரொம்ப நாள் ஆச்சுடா. உனக்குத் தகவல் வரலையா?"

"அது நனைஞ்சா போச்சு. இது தண்ணியில ஊறினாலும் பொறி விடும்."

"உங்கக்காவும் அப்படித்தான்," என்றேன். கடையே சிரித்தது. எனக்குத் தலை கனத்துவிட்டது. கம்பிகளைக் கையில் எடுத்து எடை பார்த்து, நகத்தால் தட்டி, மூக்கருகே கொண்டுபோய்... ஏதோ பிறந்ததிலிருந்து கம்பி உரசுகிறவன் மாதிரி.

அதைப் பார்த்துத்தான் அந்த மனிதர் என்னிடம் வந்திருக்க வேண்டும். அறுபது வயதிருக்கும். புது மழைக்கோட்டைத் துணிக்கடை மடிப்புக் கலையாமல் மார்போடு அணைத்திருந்தார். கையில் அப்போதுதான் வாங்கிய கம்பி. இன்னொரு கையில் கம்பியோடு வந்த காகிதம். எழுத்து கடுகளவு. கண்ணாடி கொண்டுவரவில்லை போலிருக்கிறது; கையை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

"சார்... இது கறுப்பா இருக்கே." டக். "கறுப்பைச் சுரண்டணுமா?" டக்.

மேல் தட்டு. தளர்வு. எவனோ அரைகுறை கட்டிய வேலை. அந்த இளப்பம் ஒரு பக்கம். கேள்விக்கு விடை தெரியாதது இன்னொரு பக்கம். 'தெரியாது' என்று சொன்னால் முடிந்தது. ஊருக்கெல்லாம் பல் கட்டுகிற என் வாயில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பல் முளைக்கவில்லை.

"சுரண்டுறதா? கறுப்புதான் சார் சரக்கே! அதைச் சுரண்டிட்டா என்ன மிஞ்சும்? கத்தி முதுகால ஒரு இழுப்பு. அவ்வளவுதான்."

"இல்ல, இந்தப் பேப்பர்ல என்னமோ..."

"பேப்பர் படிச்சு எவனாவது நெருப்பு மூட்டுவானா?"

மறுபடியும் கடை சிரித்தது. அவரும் சிரித்தார். டக். காகிதத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

"ரொம்ப நன்றி சார். தனியாப் போறேன். உங்களை மாதிரி தெரிஞ்சவங்க ஒரு வார்த்தை சொன்னா தைரியமா இருக்கு."

அன்று இரவு 9.15. மச்சான் எங்கள் காகிதத்தைப் பிரித்தான். முதல் வரியே அதுதான்: முதன்முறை பயன்படுத்தும் முன் கறுப்புப் பூச்சைச் சுரண்டி நீக்கவும்.

"மாமா, பூச்சோட உரசினா ஒரு பொறிகூட வராது. அந்தப் பெரியவர்கிட்ட..."

"விடுடா. மலைக்குப் போற மூஞ்சியா அது? மாடியில நின்னு உரசிப் பார்த்துட்டுப் பரண்மேல போட்டுடுவார்."

கடையின் தொலைபேசி எண் பையிலேயே அச்சடித்திருந்தது. அவர் யாரென்று கடைக்காரரிடம் கேட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. நான் செய்யவில்லை. எங்கள் கம்பியை மட்டும் சத்தமில்லாமல் சுரண்டி, வெள்ளியாக்கி, உறையில் போட்டேன்.

என் வேலை நெருக்கடியில் பயணம் ஐந்து வாரம் தள்ளிப்போனது.

மலையடிவாரச் சாவடியில் வனக் காவலர் எங்கள் பெயரை எழுதிக்கொண்டபோது காலை 11.30. மாலை 3.50க்கு மழை. 4.40க்கு ஓடையைக் கடக்கும்போது மச்சான் வழுக்கினான். இடுப்பளவு தண்ணீரில் முழுகி எழுந்தான். கூடாரமும் மாற்றுத் துணியும் இருந்த பை ஓடையோடு போனது. திரும்பலாம் என்றால் அதற்குள் ஓடை மார்பளவு. போனில் சிக்னல் இல்லை.

மேலே ஒரு பாறை குடை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அடியில் போய் உட்கார்ந்தோம். காற்று ஊசி குத்துவது போல் வந்தது. 6.10க்கே நல்ல இருட்டு.

மச்சானின் பல் அடித்துக்கொண்டது. கடகடகட. நிஜப் பல், நல்ல எனாமல். அந்தச் சத்தம் எனக்கு ஆறுதலாகவே இருந்தது. என் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டேன்.

6.35. சத்தம் நின்றது.

"மாமா... இப்பக் குளிரல..." நாக்கு குழறியது. "சட்டையக் கழட்டிடட்டா? புழுங்குது..."

அவன் வீடியோவில் பார்த்து எனக்குச் சொல்லி, நான் கேலி செய்த விஷயம் அது. குளிரில் சாகிறவனுக்குக் கடைசியில் புழுங்குமாம்.

"டேய், தூங்காதடா. உங்கக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? ஏதாவது பேசுடா!"

அவன் தலை என் தொடைமேல் சரிந்தது.

பாறையடியில் காய்ந்த சுள்ளி கொஞ்சம் இருந்தது. மாத்திரை டப்பாவில் வாஸ்லின் தடவிய பஞ்சு, அதுவும் அவன் ஏற்பாடு. சுள்ளியைக் கூட்டினேன். பஞ்சை வைத்தேன். கம்பிமேல் தகட்டை முன்னால் தள்ளி உரசினேன். பொறி வந்தது. தகடு பஞ்சில் மோதி, பஞ்சு இருட்டுக்குள் தெறித்தது. இரண்டாவது பஞ்சும் அப்படியே. மிச்சம் ஒன்று. என் விரல்கள் யாரோ ஒருவருடைய விரல்கள் போல இருந்தன.

6.48.

சரக்...

நான் உரசவில்லை.

சரக்... சரக்...

பாறைக்கு அந்தப் பக்கம். மூன்றடிகூட இருக்காது. யாரோ கம்பி உரசுகிறார்கள். ஆனால் வெளிச்சம் இல்லை. இந்த இருட்டில் ஒரு பொறி விழுந்தாலும் தெரியும்.

சரக்... சரக்... சரக்...

பொறியே இல்லை.

"யாருங்க அது?"

சத்தம் நின்றது.

பிறகு வேறொரு சத்தம். பல் அடித்துக்கொள்ளும் சத்தம். மச்சானுக்குத்தான் மறுபடி நடுக்கம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு அவன் தாடையைத் தொட்டேன்.

தாடை அசையவில்லை.

சத்தம் நிற்கவில்லை.

டக்டக்டக்... டக்டக்...

அது நிஜப் பல் இல்லை.

மேல் தட்டு.

தளர்வு.



"சார்..." டக். "கறுப்பைச் சுரண்டணுமா?" டக்.

அதே குரல்.

அதே பணிவு.

ஓடியிருப்பேன். என் தொடைமேல் மச்சானின் தலை இருந்தது.

"சுரண்டணும்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "சுரண்டணும் சார். எனக்குத் தெரியாது... அன்னிக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க. சுரண்டணும்."

மச்சானின் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே தொடர்ந்தேன்.

"கத்தி முதுகு வேணாம். கூர் விளிம்பு வேணும்... அமுக்கி, மெதுவா..."

கர்ர்ர்ர்...

சுரண்டுகிற சத்தம். நீளமாக. பொறுமையாக.

கர்ர்ர்ர்... கர்ர்ர்ர்...

"அப்புறம்..." காகிதத்தின் மற்ற வரிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. "தகட்டை அசைக்கக் கூடாது. பஞ்சுமேல வெச்சு அப்படியே பிடிச்சுக்கணும். கம்பியைத்தான் பின்னால இழுக்கணும்..."

சொல்லச் சொல்ல என் கையும் அதைச் செய்தது.

தகட்டைப் பிடித்தேன்.

கம்பியை இழுத்தேன்.

இரண்டு இடத்தில் பொறி பறந்தது.

ஒன்று என் கையில்.

ஒன்று பாறைக்குப் பின்னால்.

அந்த ஒரு கண வெளிச்சத்தில், எதிர்ப் பாறையில் ஒரு நிழல் விழுந்தது. முழங்காலை மடக்கிக் குனிந்து உட்கார்ந்திருந்த நிழல்... தலையை நிமிர்த்தியது.

பிறகு இருட்டு.

என் பஞ்சு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

6.57. சுள்ளி பிடித்தது. 7.30க்கு மச்சானின் பல் மறுபடி அடித்துக்கொள்ளத் தொடங்கியது. கடகடகட. என் வாழ்நாளில் அதைவிட இனிய சங்கீதம் கேட்டதில்லை. விடியும்வரை அவனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடையில் கண் விழித்து, "மாமா, ஏன் அழுறீங்க?" என்றான். புகை என்றேன்.

காலை 6.20க்குப் பாறையின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஓர் ஆள் ஒடுங்கி உட்காரும் அளவு இடம். சாம்பல் இல்லை. காலடி இல்லை. ஒன்றுமே இல்லை.

ஓடை வடிந்து, சாவடிக்கு வந்து சேர்ந்தபோது 9.40. காவலர் மச்சானுக்குக் கம்பளி கொடுத்தார். எங்கே தங்கினீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தக் குடைப் பாறையா?" அவர் முகம் மாறியது. "நாலு வாரத்துக்கு முன்னால அங்கேதான் ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தோம். பின்பக்கம் உட்கார்ந்த மேனிக்கு இருந்தார். வயசானவர், தனி ஆள். மழையில மாட்டிக்கிட்டார். கையில உங்க கம்பி மாதிரியே ஒண்ணு. விரலைப் பிரிக்கவே முடியல. கத்தியோட மழுங்கின முதுகால உரசி உரசிக் கட்டை விரல்ல தோலே இல்ல. ஆனா ஒரு பொறிகூட வந்திருக்காது. மேல்பூச்சு அப்படியே இருந்துச்சு. யாராவது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருந்தா பொழைச்சிருப்பார், பாவம்."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் செய்த எல்லாக் கேலிக்கும் அவன் அந்த ஒரு பார்வையில் பழிதீர்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவன் கம்பளியை விலக்கி என் கையைப் பிடித்தான்.

"அவர் வீட்ல..." என்றேன்.

"ஒரே பையன். வெளியூர்ல வேலை. அடுத்த வியாழக்கிழமை வந்து பொருளை வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கார்."

"அன்னிக்கு நானும் வரேன். அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்." பிறகு கேட்டேன்: "அந்தக் கம்பியைப் பார்க்கலாமா?"

அவர் மேசை இழுப்பறையின் பூட்டைத் திறந்தார். கண்ணாடித்தாள் கவர். வாயை மடித்து, காகிதம் ஒட்டி, கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தது. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. உள்ளே ஒரு கைக்கடிகாரம். ஒரு மேல் பல் தட்டு. அப்புறம் அந்தக் கம்பி.

நீட்டிய காவலரின் கை பாதியில் நின்றது.

"நேத்து மத்தியானம்கூடப் பார்த்தேனே..." என்றார். "முழுக்கக் கறுப்பாத்தானே இருந்துச்சு?"

கம்பி நுனியிலிருந்து கைப்பிடிவரை வெள்ளியாகப் பளபளத்தது.

கவரின் அடியில், ஒரு சிட்டிகை கறுப்புத் தூள்.