தயிரை விடுங்கள், இன்ஜினை அணையுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா சந்தை வாசலில் ஒரு டீ ஷர்ட் கொடுத்தார்கள். வாங்கி மாட்டிக்கொண்டேன். இலவசம் என்றால் நான் அளவுகூடப் பார்ப்பதில்லை.

நெஞ்சில் ஒரு நீராவி இன்ஜின் படம். புகைபோக்கியிலிருந்து புகை வருகிறது. அந்தப் புகை... இதய வடிவில்! கீழே பச்சை எழுத்தில், 'ரயில் நினைவுகள் – தூய காற்றில் ஒரு நடை'.

எனக்குத் தெரிந்து இந்த ஊரின் பழைய ரயில் பாதையில் கடைசி வரை ஓடியது டீசல் ரயில். அதன் புகை என்ன வடிவத்தில் வந்தது என்று தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். டீ ஷர்ட் வரைந்தவர் கேட்கவில்லை போலிருக்கிறது.

ஏற்பாடு செய்தவர் திரு. தனபால். காப்புறுதி பாலிசி விற்று ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு நண்பர்கள் குழுவுக்குத் தலைவர். எங்கே மைக் இருந்தாலும் அதன் உயரத்தைச் சரி செய்துகொண்டு நிற்பார். அவருடைய திட்டம் எளிமையானது. தேக்காவிலிருந்து ஒரு பெரிய பஸ்ஸில் புக்கிட் பாஞ்சாங் குடியிருப்புப் பகுதிக்கு. அங்கே ஓர் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் ரயில் காலத்தைப் பற்றிச் சின்னப் பேச்சு. பிறகு பழைய ரயில் பாதையில் – இப்போது அது மரமும் புல்லுமாக அழகான நடைபாதை – ஒரு மணி நேர நடை. திரும்பி வந்து தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலம். யாருக்குக் கசக்கும்?

பஸ் தேக்காவிலேயே உறுமிக்கொண்டுதான் நின்றது. வழக்கம் போலப் பாதிப் பேர் தாமதம். வந்தவர்களில் ஓர் அம்மா, ஈரச்சந்தைப் பக்கம் திரும்பி, "ஐயோ, மீன் நாத்தம் தாங்கலலா!" என்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் நின்றுகொண்டிருந்தது பஸ்ஸின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில். மீனுக்கு மூடிய மூக்கு டீசலுக்குத் திறந்துகொண்டது.

"ரயில் பாதைக்குப் பக்கத்துல வளந்தவங்க யாராச்சும் தெரியுமா மேடம்? ரெண்டு வார்த்தை பேசணும்" என்று தனபால் முன்பே என்னிடம் கேட்டிருந்தார். தெரியாமல் என்ன? என் பள்ளித் தோழி கலைவாணி இருக்கிறாளே. கலா தமிழாசிரியை. வீடு புக்கிட் பாஞ்சாங்கில்தான், அதுவும் தனபால் தேர்ந்தெடுத்த அதே புளோக்கில், இரண்டாம் மாடியில்.

கலாவைப் பற்றி நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்கு இழுப்பு. சென்ற வருடம் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தாள். இன்னொரு முறை இப்படி வந்தால் வகுப்பில் நின்று பாடம் நடத்துவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வகுப்பு இல்லாத கலாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளாலும் முடியவில்லை. போனில் இதைச் சொல்லும்போது அழுதாள்.

அதற்கப்புறம் சொந்தபந்தங்கள் எல்லாரும் டாக்டர் ஆனார்கள். நம் ஆட்களுக்கு மூச்சு சம்பந்தப்பட்ட எந்த நோய்க்கும் காரணம் ஒன்றுதான் – தயிர்! "ராத்திரியில தயிர் சாப்பிட்டியா?" இல்லையென்றால் வாழைப்பழம். அதுவும் இல்லையென்றால் ஐஸ் தண்ணீர். தலைக்குக் குளித்தாய், ஈரம் காயாமல் படுத்தாய், மல்லிகைப்பூ வைத்தாய், ஃபேனுக்கு நேர் கீழே தூங்கினாய்...

பாவம், கலா எல்லாவற்றையும் விட்டாள். தயிரை விட்டாள். வாழைப்பழத்தை விட்டாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் நிறுத்தினாள். அதிலும் ஒரு கதை உண்டு. சாம்பிராணி வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று மேல் வீட்டுக்காரர் புகார் கொடுத்து, அதை விசாரிக்க அதிகாரிகள் வந்து போனார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். ஆனால் வந்தார்கள்.

இனி அவள் சமையலறை ஜன்னலுக்கு வருவோம். ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தும் இடம். காலையில் தொழிற்சாலை பஸ்கள், விடுமுறை நாளில் சுற்றுலா பஸ்கள். வந்து நிற்கும், ஆனால் இன்ஜினை அணைக்காது. யார் எப்போது ஏறுவார்களோ, அதுவரை உள்ளே குளுகுளுவென்று இருக்க வேண்டுமல்லவா? கலா அந்த ஜன்னலை மூடி, ஓரங்களில் டேப் ஒட்டி வைத்திருக்கிறாள். சமைக்கும்போது வேர்வை கொட்டும். டேப்பை எடுத்தால் மூச்சு முட்டும்.

இத்தனை மருத்துவர்கள் இருக்கிற குடும்பத்தில் ஒருவராவது கீழே போய், "அண்ணே, இன்ஜினை ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லியிருப்பார்களா? ம்ஹூம். தயிர் பாவம், அதற்குப் பேசத் தெரியாது. பழியைப் போட்டுவிடலாம்.

எங்கள் பஸ் புக்கிட் பாஞ்சாங் போய்ச் சேர்ந்தது. எங்கே நின்றது என்று நினைக்கிறீர்கள்? சரியாக அந்த ஜன்னலுக்குக் கீழே! கதவு திறந்தது. இதயப் புகை டீ ஷர்ட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. இன்ஜின் மட்டும் ஓய்வெடுக்கவில்லை.

கலா கீழே வந்தாள். மஞ்சள் புடவை, நெற்றியில் சின்னப் பொட்டு, கையில் இழுப்புக்கான பம்ப். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பஸ்ஸைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

தனபால் மைக்கைக் கொடுத்தார். "டீச்சர், ஸ்வீட்டா ரெண்டு ஞாபகம் சொல்லுங்க. கூ... ன்னு ரயில் வரும்போது நீங்க கையாட்டுவீங்கள்ல, அந்த மாதிரி."

கலா கையாட்டியதைப் பற்றிச் சொல்லவில்லை.

"எங்க வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு துணிக்கொடிதான். வெள்ளை யூனிஃபாமைக் காயப் போட்டா சாயந்திரம் சாம்பல் கலர்ல இருக்கும். எங்கம்மா திரும்ப அலசுவாங்க. ரயில் கேட் மூடுனா லோரிங்க வரிசையா நிக்கும், எல்லாம் இன்ஜின் ஓடிக்கிட்டே. என் தங்கச்சி இருமிக்கிட்டே இருப்பா. தயிர் குடுக்காதீங்கன்னுதான் அப்பவும் சொன்னாங்க."

கூட்டத்தில் முகங்கள் வாடின. ஓர் இளைஞர் வீடியோ எடுப்பதை நிறுத்திவிட்டு போனைப் பையில் போட்டுக்கொண்டார். தனபால் குனிந்து, கொஞ்சம் மெதுவாக, ஆனால் மைக்கில் கேட்கும்படி சொன்னார். "டீச்சர், கொஞ்சம் பாசிட்டிவா..."

"பாசிட்டிவாவா? சரி. அந்த ரயில் வந்துச்சுன்னா போயிடும் சார். இந்த பஸ் போகவே மாட்டேங்குது."

எல்லாரும் சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள்! கைதட்டல்கூட விழுந்தது. கலா மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. மைக்கில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. விசிலடிப்பது போல ஒரு சத்தம். பம்பை எடுத்து வாயில் வைத்தாள். தோள் இரண்டும் மேலேறி மேலேறி இறங்கின.

நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் எங்களைச் சுற்றி ஒரு மருத்துவ மாநாடே கூடிவிட்டது.

"காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"தலைக்குக் குளிச்சிருக்காங்க பாருங்க, முடி ஈரமா இருக்கு."

"யாராச்சும் தைலம் வச்சிருக்கீங்களா? சுடுதண்ணி குடுங்கலா!"

மீனுக்கு மூக்கைப் பொத்திய அம்மாதான் பரிசை வென்றார். "இங்க புழுக்கமா இருக்கு. பஸ்ஸுக்குள்ள கூட்டிட்டுப் போங்க. நல்லா ஏர்கான் ஓடுது!"

உண்மையாகவே இரண்டு பேர் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போகத் தொடங்கினார்கள். எங்கே? பஸ்ஸை நோக்கி. எது அவள் மூச்சை அடைத்ததோ அதற்குள்ளேயே அவளை உட்கார வைத்துக் காப்பாற்றப் போகிறார்கள். கலா தலையை ஆட்டினாள். பேச முடியவில்லை, ஆனால் காலை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தாள். அவளைத் தூணுக்குப் பின்னால் இருந்த கல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யும்படி அந்த வீடியோ இளைஞரிடம் சொல்லிவிட்டு, நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

பஸ்ஸில் யாருமே இல்லை. காலி சீட்டுகள் வரிசை வரிசையாக ஏர்கான் வாங்கிக்கொண்டிருந்தன. ஓட்டுநர்? தள்ளி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். நம் தமிழ்த் தம்பிதான், பெயர் சரவணன், பட்டுக்கோட்டைப் பக்கம்.

"தம்பி, இன்ஜினை நிறுத்துங்க. அங்க ஒருத்தங்களுக்கு மூச்சு விட முடியல."

"நிறுத்துனா உள்ள சூடாயிடும்கா. திரும்பி வந்தவுடனே கம்ப்ளெயின் பண்ணுவாங்க."

"நீங்க ஏன் உள்ள உக்காரல?"

"புகை உள்ள வருதுக்கா... தலை வலிக்கும்."

எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. இதற்குள் தனபால் வந்துவிட்டார். சரவணன் எழுந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தார். தனபால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், வயசானவங்க நிறையப் பேர் வந்திருக்காங்க. வெயில்ல நடந்துட்டு வந்து சூட்டுல உக்கார முடியுமா? அவங்க ஹெல்த்தையும் பாக்கணும்ல?"

ஹெல்த்! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். கத்தினேன் என்று மட்டும் சொல்கிறேன். "அவ செத்துப் போனா உங்க டீ ஷர்ட்டைப் போத்தி அனுப்புவீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் அதற்குப் பிறகுதான் சரவணன் ஓடிப் போய் இன்ஜினை அணைத்தார்.

சத்தம் நின்றது. அப்போதுதான் எவ்வளவு பெரிய சத்தத்துக்குள் இவ்வளவு நேரம் நின்றோம் என்பதே எங்களுக்கு உறைத்தது. மாடியில் யாரோ தாளிக்கிற ஓசை கேட்டது.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கலாவுக்கு மாஸ்க் மாட்டினார்கள். மெல்ல மெல்ல அந்த விசில் அடங்கியது. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். சாயங்காலம் வரை அங்கே வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நல்ல வேளை, டாக்டர் பயந்த மாதிரி பெரிதாகப் போகவில்லை.

நான் அவளுடனேயே போய்விட்டதால் 'தூய காற்றில் ஒரு நடை'யைத் தவறவிட்டேன். நடந்தவர்கள் நன்றாகத்தான் நடந்திருக்கிறார்கள். குழுவின் வாட்ஸ்அப்பில் படங்கள் கொட்டின. மரம், புல், பழைய இரும்புப் பாலம், இதயப் புகை. கூடவே பஸ்ஸைப் பற்றிய குறைகளும். 'உள்ளே அவிந்துவிட்டோம்லா', 'பஸ்ஸுக்குப் பணம் கட்டியும் ஏர்கான் இல்லை', 'யாரோ ஒருத்தர் சொன்னார் என்று நிறுத்துவதா?' அந்த யாரோ ஒருத்தர் நான்தான். கலா எப்படி இருக்கிறாள் என்று கேட்டு ஒரு வரிகூட இல்லை.

இந்த ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு இன்ஜினை ஓட விடுவது சட்டப்படி குற்றம். அபராதம் உண்டு. எல்லாருக்கும் தெரியும். சாம்பிராணிக்கும், தாளிப்புக்கும், மேள சத்தத்துக்கும் புகார் கொடுக்க உடனே போனை எடுக்கும் நமக்கு, டீசல் என்றால் மட்டும் ஏன் விரல் நகர்வதில்லை? ஏனென்றால் அந்த பஸ்ஸில் ஏறப் போவது நாம்தான். நம் சீட் குளிர வேண்டும். மற்றவர் வீட்டுப் புகை என்றால்தான் நமக்கு இருமலே வரும்.

செவ்வாய்க்கிழமை காலை கலாவிடமிருந்து ஒரு மெசேஜ். 'பள்ளிக்குக் கிளம்பிவிட்டேன். கீழே இரண்டு பஸ், இரண்டும் ஓடுகின்றன. நானே போய்ச் சொன்னேன். ஒருத்தர் அணைத்தார், ஒருத்தர் முறைத்தார். நேற்று ராத்திரி தயிர்சாதம் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.'

அன்று மாலையே தனபால் கூப்பிட்டார். மனிதர் கோபப்படவில்லை. ரொம்பப் பொறுப்பாகப் பேசினார்.

"மேடம், அடுத்த வருஷமும் அதே இடத்துலதான் வைக்கிறோம். பேசுறதுக்கு அந்த புளோக்குலயே மூச்சு நல்லா இருக்கிற ஆளா ஒருத்தரைப் பாத்துச் சொல்லுங்களேன்."

"சீக்கிரம் பாக்கணும் சார்" என்றேன். "அடுத்த வருஷம் வரைக்கும் ஒருத்தராச்சும் மிஞ்சணும்ல?"