பன்னிரண்டு நாள் சாமான், இரண்டு வட்ட ஓட்டை

கயாக்கில் சாமான் அடுக்குகிறவனுக்கு வீடு மாற்றுகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். அவர்களுக்கு வாசலாவது பெரியது. ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து பூட்டியவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள் முட்டுக்காட்டில் கயாக் ஓட்டும் சிறு குழு ஒன்றில் எனக்குச் சாமான் பொறுப்பு. கயாக் ஒல்லியான படகு, மேலே மூடியிருக்கும். நடுவில் ஒருவர் உட்காரப் பள்ளம், முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை. ஒவ்வோர் அறைக்கும் சாப்பாட்டுத் தட்டளவு வட்ட ஓட்டை. ஒரு பிப்ரவரியில் ஆறு பேர் மாமல்லபுரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை, பன்னிரண்டு நாள் துடுப்புப் போட்டுப் போக ஏற்பாடு. தலைவர் ரகுராமனின் விதி ஒன்றுதான்: தன் படகில் தானே சாமான் அடுக்கி, அதைக் கழிமுகத்தில் நேராக ஓட்டிக் காட்ட வேண்டும். முடியாதவர் கரையில் நிற்கலாம்.

எவர்சில்வர் தூக்கு

ஆறு பேரில் ஒருவர் வசந்தா. நாற்பத்தாறு வயது, கல்பாக்கத்தில் அலுவலக வேலை, புதுப்பட்டினத்தில் வீடு. இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து வந்து துடுப்புப் பழகியவர். ஏப்ரலில் அவருக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல். அங்கே கடல் கிடையாது. இந்தப் பயணம் தவறினால் அவருக்கு இன்னொன்று இல்லை.

அடுக்கிப் பழகிய முதல் நாள் அவர் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு நிறையப் புளிக்காய்ச்சல் கொண்டுவந்தார். ஓட்டைக்குள் நேராக விட்டுப் பார்த்தோம். சாய்த்து விட்டுப் பார்த்தோம். கைப்பிடியைக் கழற்றியும் விட்டுப் பார்த்தோம். தூக்கு அசையவில்லை. எங்கள் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் மீனவர் ஏழுமலை, வலை பின்னுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மேடம், சோறுதான் உள்ள போவும். சமயக்கட்டு கரையிலயே கெடக்கட்டும்."

காற்று நிறைந்த பை

ஆறு பேரில் இன்னொருவர் சேகர், கணினி நிறுவனத்தில் வேலை பார்த்த இளைஞர். படுக்கையை நனையாத ரப்பர் பையில் வைத்தார். அப்படி வைத்தால் பையின் மேல் முழங்காலை ஊன்றி, காற்றையெல்லாம் வெளியேற்றி, வாயை மூன்று சுற்றுச் சுருட்ட வேண்டும். அவர் காற்றோடு சுருட்டிவிட்டார். பூசணிக்காய் போல் உப்பிய அந்தப் பையை இரண்டு காலாலும் உதைத்து உள்ளே தள்ளினார். தள்ளியது தள்ளியதுதான்; ஓட்டைக்கு அந்தப் பக்கம் போய் அது மறுபடி உப்பிக்கொண்டது. அரை மணி நேரம் நான் குப்புறப் படுத்துத் தோள் வரை கையை விட்டுத் துழாவினேன். சேகர் ஆறுதலாகச் சொன்னார்: "விடுங்கண்ணா, படுக்கை உள்ளயே தூங்கட்டும். நான் வெளியில மணல்ல தூங்கிக்கறேன்."

தராசு

வசந்தா அடுத்த தடவை வில் தராசோடு வந்தார். ஒவ்வொரு பையையும் தொங்கவிட்டு நிறுத்து, எடையை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினார். முன்னறையில் பதினெட்டுக் கிலோ, பின்னறையில் பதினெட்டுக் கிலோ. இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததே இல்லை. என் பட்டியலில் சரி என்று கோடு போட்டுவிட்டேன். அந்தக் கோடு என் தவறு.

தண்ணீரில் இறங்கியதும் படகு முரண்டு பிடித்தது. வடகிழக்குக் காற்று அடித்தது. படகின் மூக்கு காற்றின் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் படகுகளுக்குத் திசை திருப்பும் சுக்கான் கிடையாது. அவர் ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள் வலித்துத் திரும்பி வந்தார். ரகுராமன் கடிகாரத்தைப் பார்த்து, "நாளைக் காலை ஏழு மணிக்கு இன்னொரு தடவை. அதோடு சரி" என்றார். மற்ற ஐந்து பேரும் போன பிறகு வசந்தா என்னிடம் கேட்டார்: "எடை சரியா இருக்கு சார். அப்போ நான்தான் சரியில்லையா?"

நான்கு விரல்

வசந்தா படகைச் சுற்றி வந்து இரண்டு முனையையும் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து தையல் அளவு நாடாவை எடுத்து ஏழுமலையிடம் கொடுத்து, நிறைந்த படகில் ஏறி உட்கார்ந்தார். ஏழுமலை முழங்கால் தண்ணீரில் நின்று, தண்ணீருக்கு மேல் படகு எவ்வளவு தெரிகிறது என்று இரண்டு முனையிலும் அளந்தார். மூக்கு பின்முனையைவிட நான்கு விரல் கூடுதலாக அமிழ்ந்திருந்தது. மூக்கு தண்ணீரில் ஊன்றிக்கொண்டால் லேசான பின்முனையைக் காற்று தள்ளிவிடும்; படகு காற்றின் பக்கம் திரும்பும்.

கரைக்கு வந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தபோது காரணம் தெரிந்தது. பிறகு வேண்டியது அடியில், உடனே வேண்டியது மேலே: ரயிலுக்குப் பெட்டி கட்டும் நம் எல்லோருக்கும் கையில் ஊறிய பழக்கம் அது. தண்ணீர் பாட்டில்கள் கடைசி நாட்களுக்குத்தானே என்று ஏழு பாட்டிலையும் வசந்தா மூக்கின் நுனி வரை தள்ளியிருந்தார். பின்னறையின் கனமெல்லாம் இருக்கையை ஒட்டி இருந்தது. பூங்காவில் சீசா பலகையில் ஒரே எடையுள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்று நுனியிலும் ஒன்று நடுவிலும் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதேதான். பாட்டில்களில் நான்கை இருக்கைக்குப் பின்னாலும் மூன்றை முன்னாலும் இருக்கையை ஒட்டி வைத்தார். மூக்கின் நுனிக்கு அப்பளமும் துணியும் போயின. மாலைக்குள் ஐந்து முறை கலைத்து அடுக்கி, ஐந்து முறையும் அளக்கச் சொன்னார். ஏழுமலை நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்: "இன்னொரு தபா அளந்தா படகுக்கு ஜாக்கெட்டே தச்சிடலாம் சார்."

காலை ஏழு மணி

மறுநாள் காற்று இன்னும் பலமாக இருந்தது. வசந்தா படகோடு தண்ணீரில் இறங்கினார். படகின் மூக்கு ஒரு முறை காற்றின் பக்கம் சாய்ந்தது. அவர் ஒரு துடுப்புப் போட்டார். நிமிர்ந்துகொண்டது. கழிமுகத்தில் மீனவர்கள் நட்டிருந்த மூங்கில் வரை கோடு கிழித்தது போலப் போய், சுற்றி, அதே கோட்டில் திரும்பினார்.

ரகுராமன் தண்ணீரில் இறங்கி நடந்து போய் மூக்கைப் பிடித்து நிறுத்தினார். அறைகளைத் திறந்து பார்த்தார். மூடினார். வசந்தா துடுப்பைப் படகின் குறுக்கே வைத்துக் காத்திருந்தார். ரகுராமன் சொன்னார்: "மேடம், இறங்கி வந்து மத்த அஞ்சு படகையும் அளந்துடுங்க. என்னோடதை முதல்ல."

இரண்டு நாள் கழித்து மாமல்லபுரத்திலிருந்து ஆறு படகும் கிளம்பிப் போன பின், கரையில் மிஞ்சிய சாமானைக் கட்டி ஓர் ஆட்டோவில் ஏற்ற எனக்கும் ஏழுமலைக்கும் இரண்டு மணி நேரம் பிடித்தது. அடுக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் கடலில் இருந்தார்கள்.