சருகு வந்த தண்ணீர்

தாமிரபரணிக் கரையில் புதிதாகத் திறந்த ஷாப்பிங் வளாகத்தின் படியில், மகள் ஐஸ்கிரீமோடு கால் நனைத்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் பாட்டு காதை அடைத்தது. அப்போது தண்ணீரில் நாலைந்து சருகுகள் மிதந்து வந்தன.

சட்டென்று மேற்கே பார்த்தேன். என் சின்ன வயதில், அம்பாசமுத்திரம் படித்துறையில் துணி துவைக்கும்போதெல்லாம் அம்மாவின் ஒரு கண் மேற்கேதான் இருக்கும். மலையில் பெருமழை என்றால் வெள்ளத்துக்கு முன்னால் சருகு வரும். ஒருநாள், நுரையோடு சேலையைக் கல்லிலேயே போட்டுவிட்டு, "ஏளா, சருகு வருது, ஏறு!" என்று என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். மேலேறித் திரும்பிப் பார்த்தபோது சேலையும் இல்லை, கல்லும் இல்லை.

"ஏளா, ஏறு!" என்றேன்.

மகள் சிரித்தாள். "இங்கன நிக்கிற மரத்துல இருந்து விழுந்திருக்கும்மா."

நிமிர்ந்து பார்த்தேன். விளக்குச்சரம் சுற்றி நின்றவை எல்லாம் பிளாஸ்டிக் மரங்கள்.