குரங்குகளுக்குப் பெரட்டு

பணி ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டால், 'ஆராய்ச்சி' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். விடாமல் குடைகிறவர்களிடம்தான் குரங்கு மலம் பொறுக்குவதை ஒப்புக்கொள்வேன். ஈப்போவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் மனிதர்களுடையதைக் குப்பியில் வாங்கி அடுக்கியவன் நான். குரங்குகள் எவ்வளவோ மேல். ரிப்போர்ட் எப்போது வரும் என்று அவை கேட்பதில்லை.

எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவர் பல்கலைக்கழகத்தில் குரங்குகளின் மரபணுவைப் படிக்கும் ஒரு டாக்டர். என்னைவிட இருபது வயது இளையவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் பிறந்து வளர்ந்தது ஈப்போவில்தான். தமிழ் மட்டும் தாத்தாவோடு கப்பலில் வந்தது அப்படியே இருக்கிறது. முதல் நாளே உட்காரவைத்து விளக்கினார். மரபணு என்பது அம்மா அப்பா கொடுத்துவிட்டுப் போகும் சமையல் புத்தகம் மாதிரி. இருக்கிற எழுத்து இருக்கிறபடிதான். ஆனால் அதன் மேல் சின்னச் சின்ன இரசாயன அடையாளங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தப் பக்கத்தைப் படி, அந்தப் பக்கத்தை மூடி வை என்று அவை சொல்லும். சாப்பாடு, பயம், கூட்டத்தில் யாருக்கு யார் அடங்கிப் போவது, எல்லாமே அந்த அடையாளங்களை மாற்றலாம். அதே சமயம், எங்கே அடையாளம் லேசாக ஒட்டும், எங்கே ஒட்டாது என்பதில் மரபணுவுக்கும் பங்கு இருக்கிறது. பிறப்பும் வளர்ப்பும் கூட்டாகச் செய்யும் வேலை. அதில் எது எவ்வளவு என்று பிரிப்பதுதான் டாக்டரின் தலைவலி.

அதற்காக இரண்டு குரங்குக் கூட்டங்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். ஒன்று ஈப்போ குகைக் கோயில் கூட்டம். வாழைப்பழம், தேங்காய்ச் சில்லு, பக்தர்கள் கையிலிருந்து பிடுங்கிய பிஸ்கட் என்று எனக்குத் தெரிந்த பல மனிதர்களைவிடச் செல்வாக்காக வாழ்பவை. இன்னொன்று, மனிதர் கையால் எதுவும் வாங்கித் தின்னாத கூட்டமாக இருக்கவேண்டும். அது ஆயர் தாவார் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை வைத்த ஒரு பழைய தோட்டத்தில் இருந்தது. அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தவனே நான்தான். நான் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, அங்கேதான் இருக்கிறது. மிஞ்சிய நாலு வீடுகளில் ஒன்றில் என் அக்கா தனியாக இருக்கிறாள். அத்தான் காலமாகிவிட்டார், மகள்கள் இருவரும் ஜொகூரில்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே போய் நிற்பேன். மாதிரி எடுத்துக் குப்பியில் போட்டு, ஒரு பாரத்தை நிரப்பவேண்டும். அதில் 'மனிதர் உணவு கொடுத்தார்களா' என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்துக்கு ஒரு மரியாதை உண்டு. முப்பது வருடத்தில் ஒரு குப்பிகூட ஆள் மாறிப் போனதில்லை.

ஆரம்பத்தில் அந்தக் குரங்குகள் என்னை நன்றாக அலைக்கழித்தன. மரம் மரமாகத் தேடவேண்டும். நடுவில் அடியோடு காணாமல் போக, இரண்டு சனிக்கிழமை நானும் போகவில்லை. மறுபடி போனபோது, என்ன தோன்றியதோ, திடீரென்று நேரம் தவறாமல் வர ஆரம்பித்துவிட்டன. ஒன்பது மணிக்கு நான் காரை நிறுத்தினால் லயத்துக்குப் பின்னால் சுடச்சுட எல்லாம் தயாராக இருக்கும். என் அணுகுமுறைதான் காரணம் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம். காப்பிக் கடையிலும் சொல்லித் தொலைத்தேன்.

"குரங்குக்கும் ஆள் தெரியும் மச்சான்," என்றேன்.

"சொந்தக்காரன தெரியாம போவுமா லா," என்றான் நண்பன். மேசையே சிரித்தது.

ஒன்றரை வருடம் ஆனபோது டாக்டர் போனில் கூப்பிட்டார். "அண்ணே, தோட்டத்துக் குரங்குகளின்ட அடையாளங்கள் மாறிக்கொண்டு போகுது. கோயில் குரங்குகளின்ட பக்கமாப் போகுது. ஏனெண்டு விளங்கேல்லை. அங்க ஆராவது சாப்பாடு போடுகினமோ?"

"இல்லவே இல்ல டாக்டர். நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"ஓம், நீங்கள் சொன்னால் சரிதான்," என்று வைத்துவிட்டார். அவர் சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை லூமுட்டில் ஒரு உறவுக்காரக் கல்யாணம். அங்கேயே தங்கிவிட்டதால் சனிக்கிழமை எட்டரைக்கெல்லாம் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். காரை முன்னால் நிறுத்திவிட்டு இறங்கியபோது, பின்பக்கம் வாளியைத் தட்டும் சத்தம் கேட்டது. டங் டங்கென்று, இடைவெளி விட்டு. அந்தச் சத்தம் என் எலும்புக்குத் தெரியும். தோட்டக் காலத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். ஆட்களை மேய்க்கும் மண்டோர் இப்படித்தான் தட்டிக் கூப்பிடுவார்.

சுவர் ஓரமாக எட்டிப் பார்த்தேன். பழைய பெரட்டுக் களத்தில் அக்கா நின்றிருந்தாள். கையில் பால்மரம் சீவிய காலத்துப் பால் வாளி, காலடியில் ஒரு சட்டி நிறைய அவித்த மரவள்ளிக் கிழங்கு. செம்பனை மரங்களிலிருந்து குரங்குகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து உட்கார்ந்தன. அவள் விரல் நீட்டி எண்ணி, ஆளுக்கு ஒரு துண்டாகப் போட்டுக்கொண்டு போனாள். கடைசியாக ஒரு கிழட்டு ஆண் குரங்கு ஆடி அசைந்து வந்தது.

"மணி என்னா ஆச்சி? இப்பதான் வாரியா? லேட்டா வந்தா அரை நாள் சம்பளம்தான்," என்று ஒரு கிழங்கைப் பாதியாக ஒடித்துப் போட்டாள். பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்: "ஒம்போது மணிக்கு உங்க மாமா வந்துருவாரு. அதுக்குள்ள எல்லாரும் வயித்த காலி பண்ணி வைங்க."

நான்தான் அந்த மாமா. காப்பிக் கடையில் அளந்ததெல்லாம் ஒரு நொடியில் ஞாபகத்துக்கு வந்து காது சுட்டது.

"அக்கா," என்றேன். குரங்குகள் சிதறி ஓடின. அவள் மட்டும் அசையவில்லை. வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை முந்திக்கொள்ளும். ஒன்றரை வருட வேலை பாழ், என் கையெழுத்துப் பொய், டாக்டர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று கொட்டித் தீர்த்தேன். கோயில் குரங்குக்கும் தோட்டத்துக் குரங்குக்கும் நடுவில் இருந்த ஒரே வித்தியாசத்தை ஒரு சட்டிக் கிழங்கால் அழித்துவிட்டாயே என்று கேட்டேன். அவள் சட்டியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா இப்பிடி செஞ்ச?" என்றேன் கடைசியில்.

"முந்தில்லாம் தீபாவளிக்கு வருவ, பொங்கலுக்கு வருவ. குரங்கு வேல வந்த பொறவு சனிக்கெழம தவறாம வார. நடுவுல ரெண்டு வாரம் வரல. போன் போட்டு கேட்டேன். குரங்கு கண்ணுல படலக்கா, சும்மா வந்து என்னா பண்றதுன்னு சொன்ன." சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "அதான் குரங்க வர வெச்சேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் டாக்டரை நினைத்து அல்ல.

காரில் உட்கார்ந்து டாக்டருக்குப் போன் செய்தேன். கிழங்கு, வாளி, பெரட்டு எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"இனி இதை உணவு குடுக்காத கூட்டமெண்டு எழுதேலாது," என்றார். "ஆனா, அண்ணே, அதே குரங்குகள். மரபணு மாறேல்லை, சாப்பாடு மட்டும் மாறியிருக்கு. கிழங்குக்கு முந்தி எடுத்த சாம்பிளும் இருக்கு, பிந்தி எடுத்ததும் இருக்கு. எப்ப தொடங்கினவ எண்டு சரியாத் தெரிஞ்சால் ஒண்டும் வீணாகாது. இனிக் குடுக்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ. நிப்பாட்டினா என்ன நடக்குதெண்டும் பாப்பம். திகதி மட்டும் எனக்குச் சரியா வேணும்."

அக்காவிடம் கேட்டேன். "அதான் சொன்னேன்ல, நீ வராத ரெண்டு வாரத்துக்கு அடுத்த திங்கக்கெழம," என்றாள். என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமைகள். இரண்டுக்கும் எதிரே என் அழகான கையெழுத்தில் 'குரங்கு இல்லை, போகவில்லை' என்று எழுதியிருந்தது. ஆராய்ச்சிக்குத் தேவையான திகதியை நானேதான் குறித்து வைத்திருக்கிறேன். அங்கே ஒரு மனுஷி இருந்தாள் என்பதை எழுத அந்தப் பாரத்தில் கட்டம் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது வாளி துணிக்கொடியடியில் கவிழ்ந்து கிடந்தது. களம் காலி. செம்பனை ஓலை மட்டும் அசைந்தது. அக்கா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு குரங்கும் வரல தம்பி," என்றாள், ஏதோ அவள் குற்றம் போல. "தேடிப் பாரு. இல்லாட்டி கெளம்பு, ஒனக்கு வேல இருக்கும்."

குப்பிப் பெட்டியைக் காரிலேயே வைத்துவிட்டு வந்து களத்தின் நடுவில் நின்றேன்.

"பெரட்டுக்கு நான் வந்திருக்கேன்ல," என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒம்போது பத்து. லேட்டு," என்றாள்.

உள்ளே போனவள் ஒரு தட்டோடு வந்தாள். அதில் பாதிக் கிழங்குதான் இருந்தது.