பீரங்கிப் புத்தகத்தில் ஒரு படம்

நூலகத்தில் என் வேலை, பழைய புத்தகங்களின் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் படமெடுப்பது. அந்த மாதம் வந்ததெல்லாம் பீரங்கி, வாணவேடிக்கைப் புத்தகங்கள். நானூறு வருடப் பழசு. முன்பாதியில் கோட்டையை உடைக்கும் வழி. பின்பாதியில் ராசா வீட்டுக் கல்யாணத்துக்கு நெருப்புக் கக்குகிற பறவைநாகம் செய்யும் வழி. இரண்டுக்கும் ஒரே வெடிமருந்துதான். எனக்குக் கஷ்டமாக இருந்தால் வேறு புத்தகம் தரலாம் என்று மேலாளர் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு சொன்னாள். ஒன்றுமில்லை என்றேன். உண்மையாகவே ஒன்றுமில்லை. என் தம்பி ஊரில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஷெல் விழுந்து செத்தவன். எந்தப் பக்கம் அடித்தது என்று இன்றுவரை தெரியாது. அழுது முடித்து எவ்வளவோ காலம்.

வேலை முடிந்து இஷொய்ப் புறநகரில் இருக்கிற வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்துக்கொண்டிருந்த என் மனுசனுக்குக் கைபேசியில் நாகத்தின் படத்தைக் காட்டினேன். புத்தகம் என்றால் காத தூரம் ஓடுகிறவர், அதிசயமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் ஊரில் இயக்கத்தில் இருந்தவர்தான். சமையல்கூடத்தில் நின்றதாகச் சொல்லித்தான் என்னைக் கட்டினார். அவர் வைக்கிற பருப்பை வாயில் வைக்க ஏலாது. அதைச் சொல்லி எத்தனை பகிடி விட்டிருப்பேன்.

அடுத்த படத்துக்குத் தள்ளினார். குட்டைப் பீரங்கி ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கிறது. தூக்குநூல் கட்டிய கால்வட்டக் கோணமானியை அதன் வாயில் வைத்து ஒருவன் சரிவு பார்க்கிறான். தூரத்தில் ஓர் ஊர்.

"இதின்ர குண்டு ஊருக்கு முன்னால விழுந்திடும்," என்றார்.

"இவ்வளவு நிமித்தினால் தாண்டியெல்லோ போகும்?"

"இல்லையப்பா. நிமித்த நிமித்தக் கிட்டத்தான் விழும். கொஞ்சம் சரிக்க வேணும்." எவ்வளவு என்று திரையில் விரலால் காட்டினார்.

பருப்பு அவித்த ஆளுக்கு இது எப்படித் தெரியும்? எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல என்னை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவருடைய கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

பின்னால் வந்து நின்றார்.

"உம்மட தம்பியின்ர பக்கம் நாங்கள் அடிக்கேல்லை," என்றார்.

நான் இன்னும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.